பண்டாரி பார்த்த சதுக்கம்

அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் நாம்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். அவராகக் குரலை உயர்த்த மாட்டார். ராயபுரத்தில் டீ வாங்கிக் குடிப்பதற்கே தொண்டை வேண்டும். பின்பக்கம் ரயில்வே யார்டு, முன்பக்கம் ஹார்பருக்குப் போகிற லாரிகள், நடுவில் நாங்கள். அவரோ கடை முன்னால் போய் நின்று, கடைக்காரர் தன் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, ஒரு விரலைக் காட்டுவார். திரும்பக் கால்மணி நேரம் ஆனாலும் நிற்பார். "கூப்புட்டா இன்னா மாமா கொறஞ்சிடும்?" என்று ஒருநாள் கேட்டேன். "அங்கல்லாம் யாரும் கூப்புடறது கெடையாது நைனா," என்றார். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்த 'அங்க' எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கப்பலில் சிப்பந்திகளுக்குச் சமைக்கிறவரைப் பண்டாரி என்பார்கள். சரக்குக் கப்பல்களில் இருபது வருடம் பண்டாரியாக இருந்துவிட்டு, கரையேறி எங்கள் தெருவில் நான்காவது வீட்டில் இருந்தார். அவருக்கு வேறு பெயர் இருந்ததாகவே தெரு நினைக்கவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. அவரைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திட்டுவதில் பாதி எனக்கே வந்து சேரும் என்பதால் இரண்டு பேருக்கும் பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு அவர்தான் சமைப்பார். அந்தக் கறிக்குழம்பு வேறு யார் கைக்கும் வராது. ஆனால் அவர் சமைக்கிற இடத்தில் சத்தம் கூடாது. கரண்டிக் காம்பில் துணி சுற்றியிருப்பார். விறகை அடுப்பில் போட மாட்டார், வைப்பார். ஒரு வருடம் உதவிக்கு வந்த ஆள் அண்டா மூடியைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டார். அது கல்தரையில் உருண்டு, சுற்றி, அடங்குகிறவரை பண்டாரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கரண்டியை அண்டாவின் மேல் குறுக்கே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கோபமாக ஒரு வார்த்தை கிடையாது. மூன்று பேர் பின்னாலேயே போய்க் கெஞ்சினோம். "அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார். அந்த வருடம் அரைவேக்காட்டுக் கறியை மென்று மென்று எல்லோருக்கும் தாடை வலித்தது.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர் மனைவியின் விஷயத்தில் சிரிக்க முடியாது. அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் முகத்துவாரக்குப்பம். எண்ணூரில் உப்பங்கழி கடலில் சேருகிற இடம், அந்த ஊர்க்காரர்கள் காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகியவர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அம்மா சிரித்தால் தெருமுனைவரை கேட்கும் என்று என் அக்கா சொல்வாள். நான் பார்த்த காலத்தில் அந்த அம்மா சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோளை மட்டும் குலுக்குவார்கள். அவர் அடித்ததில்லை, வைததில்லை. சத்தம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார், அவ்வளவுதான். போனவர் திரும்பி வரும்வரை அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த அம்மா இறந்தபோது குப்பத்திலிருந்து ஒரு லாரி நிறையப் பெண்கள் மாரடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவர் வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். "மெதுவா அழுங்க தாயி," என்றார். அவர்களுக்கு அப்படி அழத் தெரியவில்லை. பெட்டி மூடுகிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அவர் பார்த்தது ஒரு சதுக்கம். பெல்ஜியம் தேசத்தில் ஒரு துறைமுக ஊர். ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன், அந்த ஊர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இருபது வருடத்தில் உலகத்தில் பாதியைச் சுற்றியிருக்கிறார். மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்டால் "மழை", "குளிரு", "கலீஜான ஊரு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் மூன்று தடவை போயிருக்கிறார், மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பூசைக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல், தெருக்கோடியில் கவிழ்த்துப் போட்ட பழைய படகின் மேல் உட்காருவார். நாங்கள் ஐந்தாறு பேர் குனிந்து நிற்போம்.

"நாலு பக்கமும் கல்லு வூடு. ஐநூறு வருஷத்துக் கல்லு. நடுவுல ஒண்ணும் கெடையாது. அத்தான் விசேஷம், ஒண்ணுமே வெக்கல. ஓரமா ஒரு கோயிலு, நாலு கல்லு பெஞ்சு. புறா எறங்குச்சுன்னா ரெக்கை அடிக்கிறது கேக்கும். ஒரு கெயவனும் கெயவியும் நடந்து போனாங்க, அவங்க பூட்ஸ் சத்தம் இந்தாண்டேந்து அந்தாண்ட வரைக்கும் கூடவே போச்சு."

"அத்தினி பெரிய எடத்துல ஒருத்தனும் கடை போடலியா மாமு?" என்று ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர் ஒருவர் கேட்டார்.

"போட மாட்டான். அவங்களுக்கு அந்த எடத்தோட அருமை தெரியும்."

இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்க மாட்டார். எங்கள் தலைக்கு மேலாகத் தெருவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தைப் பார்ப்பார்.

அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் எங்கள் பெண்கள் கடற்கரை மணலில்தான் கருவாடு காயவைத்தார்கள். ஹார்பரின் கற்சுவர் நீண்ட பிறகு, அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. மணல் போனது, மணலோடு இரண்டு வரிசை வீடுகளும் போயின. மிச்சத்தைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதன் பிறகு மீனைப் பரப்ப எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே சமதரை அந்த மைதானம்தான். ஏதோ ஓர் ஆபீசுக்குச் சொந்தமான வெற்றிடம். எந்த ஆபீஸ் என்று சொல்லி இனிமேல் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அதில் இருபது பெண்கள் பிழைத்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா. அவள் புருஷன் கட்டுமரத்தோடு போனவர், போனவர்தான். கைக்குழந்தையாக ஒரு பெண்ணும், படிக்கிற தம்பியாக நானும் அவள் தலையில் இருந்தோம். வாளையைக் கீறி உப்பில் போடுவாள், கழுவிக் கொடியில் தொங்கவிடுவாள், நெத்திலியைப் பழைய வலையில் பரப்புவாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்ததே கருவாட்டில்தான். ஹார்பரில் மூட்டை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க் வேலைக்கு நான் போட்டுக்கொண்டு போன முதல் வெள்ளைச் சட்டையும் அதில் வந்ததுதான்.

கருவாடு காய்கிற இடத்தில் வெயிலுக்கு அடுத்தபடி தேவை குரல். காக்கையை விரட்ட வேண்டும். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை இருபது பெண்களும் முறைவைத்துக் கத்திக்கொண்டே இருப்பார்கள். என் அக்கா கல் எடுத்து வீச மாட்டாள். நின்ற இடத்திலிருந்து ஒரு கூவல் விட்டாள் என்றால் மைதானத்தின் மறுகோடியில் இருக்கிற காக்கையும் எழும்பிவிடும். மற்ற பெண்கள் அவள் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி போடுவார்கள்.

நான்காவது வீட்டின் பின்ஜன்னல் அந்த மைதானத்தைப் பார்த்துத்தான் இருந்தது.

ஒருநாள் அவர் மைதானத்தை அடிமேல் அடிவைத்து அளப்பதைப் பார்த்தேன். பெண்கள் வலையை நகர்த்தி வழிவிட்டார்கள். அவர்களுக்கும் பண்டாரி என்றால் மரியாதைதான். அளந்து முடித்து என்னிடம் வந்தார். "அங்க நூத்தியிருபது அடி நைனா. இங்க நூத்திப் பன்னெண்டு. எட்டுதான் கொறையுது," என்றார். பிறகு, வழக்கம்போல நான் குனிந்த பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"காதுல இஞ்சின் ஓடிக்கினே கீது. அடுப்படி இஞ்சின் ரூமுக்கு நேர் மேல. இருவது வருஷம். கரைக்கு வந்தா நின்னுடும்னு நெனச்சேன், நிக்கல. தூங்கும்போதும் ஓடுது. ஆனா அங்க, அந்த பெஞ்சு மேல குந்தினப்போ நின்னுச்சு. மூணு தபாவும் நின்னுச்சு."

அந்த முகத்தைப் பார்த்து யாராலும் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி, எனக்கும் அந்த மைதானம் காலியாக வேண்டியிருந்தது. ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் நான் போய் உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுப்பான். பெண் பார்க்கப் போன ஓர் இடத்தில், பெண்ணின் அப்பா ஜன்னலைத் திறந்துவிட்டார். மீன் வாடை அடிக்காத ஒரு தெருவில் நான்கு கல் பெஞ்சு போட்டு, அதில் வெள்ளைச் சட்டையோடு உட்கார வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

மனுவை இங்கிலீஷில் நான்தான் எழுதினேன். பொதுமக்கள் அமைதியாக அமர்வதற்கு ஒரு சதுக்கம் வேண்டும், பகல் முழுவதும் கூச்சலாக இருக்கிறது என்று மட்டும்தான் அவர் சொன்னார். நாற்றத்தால் நோய் பரவுகிறது, கண்ணியமான குடும்பங்கள் குடியிருக்க முடியவில்லை என்ற வரியை நானாகச் சேர்த்தேன். மனு பலமாக இருக்கட்டும் என்று. உட்காருவதற்கு நல்ல இடம் வருகிறது என்று சொல்லி அவர் வீடு வீடாகப் போய் ஆண்களிடம் கைநாட்டு வாங்கினார். பெண்களை யாரும் கேட்கவில்லை. அக்காவுக்குப் புருஷன் இல்லை, வீட்டில் இருந்த ஒரே ஆண் மனு எழுதியவன், அதனால் எங்கள் வீட்டில் கேட்க ஆளே இல்லை. கைநாட்டு மனு என்பதால் கடைசியில் 'எழுதியவர்' என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். ஆபீசில் மனுவை வாங்கியவர் வேகமாகப் படித்துக்கொண்டு வந்து, நான் சேர்த்த வரியில் நின்று, தலையை ஆட்டினார்.

பண்டாரி குரலைத்தான் தெரு கேட்காதே தவிர, ஆபீஸ் கேட்டது. ஆறே மாதத்தில் கம்பிவேலி வந்தது. இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஒரு கேட்டு, ஒரு பூட்டு. காவலுக்கு ஆள் போட வழியில்லை என்று சாவியை மனு கொடுத்தவரிடமே கொடுத்துவிட்டார்கள். பூட்டிய முதல் நாள் பெண்கள் ஈரமீன் கூடைகளோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நானும் ஆபீசுக்குப் போகாமல் கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

"அண்ணாத்தே, பூட்டிட்டீங்களே, மீனை எங்க போடறது?" என்று அக்கா கேட்டாள்.

"கல்லு மேல போடும்மா. காத்து நல்லா வருது."

"தண்ணி தெறிக்குது அண்ணாத்தே. ஈரம் பட்டா புழு வெச்சிடும்."

"நீ ஒரு நாளு உள்ள வந்து குந்திப் பாரும்மா. ஒனக்கே புரியும்."

"குந்தறதுக்கு எனக்கு நேரம் ஏது?"

 அவர் கோபப்படவில்லை. கைகூப்பிவிட்டு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

கல் மேல் இரண்டு மழைக்காலம் பார்த்தார்கள். அலை கல்லில் மோதித் தெறிக்கும், மீன் பாதி காய்ந்து பாதி அழுகும். வியாபாரி மோந்து பார்த்துவிட்டுக் கூடையைக் காலால் தள்ளுவார். பாறை வழுக்கி ஒருத்திக்கு மணிக்கட்டு போனது. அக்கா வீட்டுக்கு வந்து எனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே சபிப்பாள். "பண்டாரிக்கு எய்தப் படிக்கத் தெரியாது. எவன்டா அந்த மனுவை எய்தினான்? அந்தக் கை வெளங்குமா?" என்பாள். அதே கையால் பிசைந்து சாப்பிடுவேன். "தெரியலக்கா," என்பேன். அவள் நேராகப் பண்டாரியிடமே போய்க் கேட்டும் பார்த்தாள். "எல்லாம் நான்தாம்மா. என்னையே திட்டு," என்றாராம்.

மணலியில் அப்போது ஒரு பெரிய ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் லாரி வந்து தெருமுனையில் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். முதலில் இரண்டு பேர் போனார்கள், பிறகு எட்டுப் பேர். அக்கா கடைசியாகப் போனவர்களில் ஒருத்தி. சொந்தமாக மீன் எடுத்து, தன் உப்பில் போட்டு, தன் வாயால் விலை சொல்லி விற்றவள், மேஸ்திரி கூப்பிடுகிற பெயருக்கு ஓடிப்போய் சிமெண்டுச் சட்டி சுமக்கிற சித்தாளாக ஆனாள். ஒரு வருடத்தில் குரல் கம்மிவிட்டது. சிமெண்டுத் தூசி என்றாள்.

பண்டாரி பழைய கப்பல் சிநேகத்தில் எனக்கு ஒரு சரக்குக் கப்பலில் ஸ்டோர் கிளார்க் வேலைக்குச் சொல்லி அனுப்பினார். மனுவுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை. கப்பலில் என்மேல் டீசல் வாடை அடித்தது, அதற்காக யாரும் கைக்குட்டை எடுக்கவில்லை.

கப்பலேறிய நான்காம் வருடம் அந்த ஊருக்குப் போனோம். சுண்ணாம்பு மூட்டை இறக்குவதில் தாமதமாகி ஆறு நாள் துறையில் நின்றோம். ஒரு புதன்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. கோயில் பெயரைச் சொல்லி வழி கேட்டுக்கொண்டு போனேன். பண்டாரி சொன்ன அடையாளம் ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பாலம், பாலத்துக்கு அப்பால் வளைந்த சந்து, சந்தின் முடிவில் கோபுரம். சந்துக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. வேறு எங்கோ வந்துவிட்டேன் என்று நின்று, மறுபடி கோபுரத்தைப் பார்த்துவிட்டு நடந்தேன்.

சதுக்கம் முழுவதும் சந்தை. துணிக்கூரை போட்ட கடைகள், கோழிக்கூண்டு, உருளைக்கிழங்கு வண்டி, பழைய சாமான். கோயில் பக்கத்து வரிசை முழுக்க மீன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள், ரத்தம் தெறித்த ஏப்ரன் கட்டிக்கொண்டு, மீனை வெட்டி வீசிக்கொண்டே விலை கூவினார்கள். ஒருத்தியின் கூவலை அடுத்தவள் மிஞ்சினாள். ஒருத்தி குரலில் என் அக்கா தோற்றுப்போவாள். அவள் கடையில் கொடி கட்டித் தட்டையான சின்ன மீன்களை வாலில் முடிந்து தொங்கவிட்டிருந்தாள். கருவாடு. நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஒரு துண்டைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். வாயில் போட்டேன். நம்முடையதைவிட உப்பு குறைவு. 

பக்கத்தில் உருளைக்கிழங்கு விற்றவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது. எத்தனை காலமாக இங்கே சந்தை நடக்கிறது என்று கேட்டேன். சந்தைக்காகத்தான் ஐநூறு வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தைக் காலியாக விட்டார்கள் என்றான். வாரத்தில் மூன்று நாள் சந்தை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரே மூடிவிடும் என்றான்.

அங்கேயே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கப்பல் வழக்கம் தெரியும். துறையில் நிற்கும்போது மற்றவர்கள் மாற்றி மாற்றிக் கரைக்குப் போவார்கள். பண்டாரிக்கு மூன்று வேளை அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் அவர் அடுப்பை அணைக்கலாம், அதுவும் சாயங்காலம்வரை. இருபது வருடத்தில் மூன்று தடவை அந்த ஊருக்கு வந்து, மூன்று தடவையும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தச் சதுக்கத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கடையில் சந்தை நாளைப் படம்பிடித்த ஒரு போஸ்ட் கார்டு வாங்கிக்கொண்டேன்.

கப்பல் ஞாயிறும் அங்கேதான் நின்றது. மறுபடி போனேன். ஒரு கடை இல்லை, ஓர் ஆள் இல்லை. கல்லெல்லாம் கழுவி விட்டதுபோல இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு புறா இறங்கியது, இறக்கை அடிப்பது கேட்டது. மனிதர் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பி வந்த அன்று சாயங்காலமே, வீட்டுக்குள் பெட்டியை வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். அக்கா மணலியிலிருந்து வரும் நேரம் ஆகவில்லை. கேட்டு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. பண்டாரி என்னைப் பார்த்ததும் வந்து திறந்துவிட்டு மறுபடி போட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. தரையில் முள்செடி மண்டிக்கிடந்தது. இரண்டு பெஞ்சில் ஒன்று உடைந்திருந்தது. போஸ்ட் கார்டை அவர் கையில் வைத்தேன்.

நெடுநேரம் பார்த்தார். கோபுரத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு ஒவ்வொரு கடையாக விரலை நகர்த்திக்கொண்டு வந்து மீன்காரிகளிடம் நிறுத்தினார்.

"இது என்னிக்கு?"

"புதன்கெயமை மாமா. வாரத்துல மூணு நாளு சந்தை. காலங்காலமா நடக்குதாம். நாயித்துக்கெயமை மட்டும்தான் கெடையாது."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. விரலை எடுக்காமல், "எனக்கு லீவு நாயித்துக்கெயமைதான நைனா குடுத்தாங்க," என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த இரக்கத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. "இங்க குந்தினா காதுல இஞ்சின் நிக்குதா மாமா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஒரு நாளும் நிக்கல."

"அப்ப தொறந்து வுட்ருங்க. அக்கா மணலியில சிமெண்டு சொமக்குது. இன்னும் நாலு பொம்பளைங்க கல்லு மேலதான் காய வெச்சிக்கினு கீறாங்க. சாவி ஒங்க கைலதான கீது."

"சாவி என்னுது. எடம் என்னுது இல்ல நைனா. நானா தொறந்தா ஆபீசுல கேப்பான். மொறையா தொறக்கணும்னா மறுபடி மனு போடணும். மனு போட்டா பழைய மனுவ வெளிய எடுப்பான். தெருவுல எல்லாத்தையும் கூப்டு வெச்சிப் படிப்பான். அதுல கடைசில ஒங் கையெய்த்து கீது. நாத்தம்னு நீ எய்துன வரியும் கீது." போஸ்ட் கார்டை என்னிடம் திருப்பித் தந்தார். "இத்தினி வருஷம் நான் ஒருத்தர்கிட்டயாவது சொன்னனா?"

எப்போதும்போல அதே தாழ்ந்த குரல்தான். மிரட்டினாரா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். படிக்கட்டும் மாமா, நான் மனு எழுதுகிறேன், இந்தத் தடவை தமிழிலேயே எழுதுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நின்றேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டார். வெளியே வந்தேன். பின்னால் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கவே இல்லை, தாழ்ப்பாளுக்கும் அவர் துணி சுற்றி வைத்திருந்தார். கடலோரம் போய் போஸ்ட் கார்டை நான்காகக் கிழித்துக் கல்லிடுக்கில் போட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா வந்திருந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து, சிமெண்டு அரித்த விரலிடுக்குகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இளைத்துவிட்டாய் என்றாள். பிறகு, எண்ணெய் தடவுவதை நிறுத்தாமல், கம்மிய குரலில் கேட்டாள்.

"பண்டாரி சொல்ற ஊருக்குக் கப்பல் போச்சாமேடா. அந்த எடத்தைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அவரு சொல்ற மாரியேவா கீது?"

"ஆமாக்கா."

"மெய்யாலுமா? ஒரு கடை கண்ணி, சத்தம் கித்தம் ஒண்ணும் கெடையாதா?"

"கெடையாதுக்கா. ரொம்ப அமைதியா கீது."

அவள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப சரி. அந்தாளு சொம்மா கதை வுட்டு நம்ம பொயப்புல மண்ணைப் போட்டுட்டாருன்னு இத்தினி வருஷமா திட்டிக்கினு கெடந்தேன். பாவம்," என்றாள். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எனக்குச் சோறு போட எழுந்து போனாள்.